மேஜைக்கு வராத எண்

ரிச்சர்ட் ஃபாஸ்டர் அரசியல்வாதி அல்ல. அமெரிக்க முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் தலைமை ஆக்சுவரியாக இருந்தவர். கேட்ட கேள்விக்கு எண்ணில் பதில் சொல்வதுதான் வேலை. 2003ல் அந்த வேலையே அவருக்கு வினையானது.

அதுவரை மெடிகேர் ஆஸ்பத்திரிச் செலவையும் டாக்டர் செலவையும் ஏற்றது. வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளுக்குப் பெரும்பாலும் பணம் தராது. அதையும் சேர்க்க, அதிபர் புஷ்ஷின் ஆதரவோடு மசோதா வந்தது. பயனாளிகள் சுமார் 4 கோடிப் பேர். செலவு எவ்வளவு?

இது வெறும் பெருக்கல் கணக்கல்ல. எத்தனை பேர் சேருவார்கள்? நோயாளிகள் மட்டும் சேர்ந்து ஆரோக்கியமானவர்கள் ஒதுங்கினால் பிரீமியம் எகிறும். காசில்லாமல் வேளைக்கு அரை மாத்திரை விழுங்கியவர் இனி முழு மாத்திரை வாங்குவார். காப்புரிமை முடிந்த மருந்துகள் மலிவானால் செலவு இறங்கும். ஒவ்வொன்றும் ஓர் அனுமானம்.

நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம், பத்தாண்டுகளுக்கு 39,500 கோடி டாலர் என்றது. ஃபாஸ்டரின் கணக்கு 50,000 கோடியைத் தாண்டியது. 40,000 கோடியைத் தாண்டினால் ஆதரவில்லை என்று ஆளும் கட்சியிலேயே சிலர் சொல்லிக்கொண்டிருந்த நேரம். எண்ணை வெளியே சொன்னால் வேலை போகும் என்று மேலதிகாரி மிரட்டினார். ராஜினாமா செய்யலாமா என்றுகூட ஃபாஸ்டர் யோசித்தார்.

நவம்பர் 22 விடியற்காலை, ஏறக்குறைய மூன்று மணி நேரம் இழுத்த வாக்கெடுப்பில் 220-215 என்று பிரதிநிதிகள் சபையில் மசோதா தப்பியது. 2004 ஜனவரியில் அரசே சொன்னது: 53,400 கோடி.

வரம்புக்குள் அடக்க வெட்டிய தழும்பு சட்டத்திலேயே இருந்தது. 2006ல் திட்டம் தொடங்கியபோது, மருந்துச் செலவு 2,250 டாலரைத் தொட்டதும் காப்பீடு நின்றுவிடும். 5,100 டாலர் வரை எல்லாம் கைக்காசு. மக்கள் அதை 'டோநட் ஓட்டை' என்றார்கள். அது முற்றிலும் அடைபட்டது 2025ல்தான்.

இதில் ஒரு வேடிக்கை. உண்மைச் செலவு இரண்டு கணிப்புகளையும்விடக் குறைந்தது. எதிர்பார்த்ததைவிடக் குறைவானவர்களே சேர்ந்தார்கள். மலிவு மருந்துகள் பெருகின. அதிகம் தவறியது ஃபாஸ்டரின் எண்தான்.

அப்படியானால் மறைத்தது சரியா? அல்ல. கணிப்பு ஜோசியமல்ல, தவறலாம். இரண்டு எண்களும் மேஜையில் இருந்திருந்தால், ஏன் இந்த வித்தியாசம் என்று உறுப்பினர்கள் கேட்டிருப்பார்கள். எத்தனை பேர் சேருவார்கள், எவ்வளவு மருந்து வாங்குவார்கள் என்று விவாதம் முதியவர்களைப் பற்றித் திரும்பியிருக்கும். ஓர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அவர்கள் கை தூக்கினார்கள். பில்லோடு மருந்துக் கடை வாசலில் நின்றவருக்கு அன்று யாரும் கணக்குக் காட்டவில்லை.