கூட்டலில் சேராத எண்

மகளின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்று கணக்கிட்டுப் பார்த்தேன். கணிதம் 98, வேதியியல் 96. இயற்பியல் மட்டும் 84. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணிதம் 100க்கு. ஏனைய இரண்டும் 50, 50 எனச் சுருங்கும். ஆக, 200க்கு 188. இயற்பியலில் இழந்த 16 மதிப்பெண் எட்டாகச் சுருங்கியும், அவள் கனவு கண்ட கிண்டிப் பொறியியல் கல்லூரியின் கணிப்பொறியியலைக் கைக்கெட்டாத தொலைவுக்குத் தள்ளிவிட்டது.

"தமிழ்ல 97 வாங்கியிருக்கேனே, அது எதுலப்பா சேரும்?" என்றாள்.

அந்தக் கூட்டலில் எங்கும் சேராது. இருபது ஆண்டுகளாகத் தமிழால் உண்பவன் நான். தேர்வுக்கு முந்தைய மாதங்களில், அவள் விரும்பி வாசித்துக்கொண்டிருந்த குறுந்தொகையை மூடிவைத்துவிட்டு இயற்பியலை எடுக்கச் சொன்னவனும் நானே. கல்லூரி திறந்ததும் அதே குறுந்தொகையை நடத்தவேண்டும். எந்த முகத்தோடு தொடங்குவது?