பச்சை மீன்

எங்கட ஊர்ப் பக்கம் குளத்தில் பிடிபடுகிற திலாப்பியாவை வீட்டில் 'யப்பான்' என்றுதான் சொல்லுவினம். "இண்டைக்கு யப்பான் கறி" என்றால் அம்மாவிடம் காசு குறைவு என்று அர்த்தம். அதனால் ஜப்பான் சாப்பாடு ஒன்றும் எங்களுக்குப் புதுசில்லை என்று பகிடி விட்டுக்கொண்டுதான் கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸால் இறங்கினோம். (அந்த மீன் உண்மையில் ஆப்பிரிக்கா மீன். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்தவை.)

நாங்கள் மூன்று பேர். ஒருத்தி முல்லைத்தீவுக் கடற்கரை, ஒருத்தன் பரந்தன், ஒருத்தி நெளுக்குளம். யாழ்ப்பாணத்தில் கலைப்பீடம். ஆய்வுக் கட்டுரைக்காக தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு வந்து, மூன்று நாள் ரோல்ஸும் பிளேன்ரீயுமாக மிச்சம் பிடித்த காசு கையில் இருந்தது. இத்தனை வருசம் அனிமே பார்த்ததற்கு ஒருக்காவாவது சுஷி சாப்பிட வேணும் என்ற ஆசையும் இருந்தது. கொழும்புக்கு இது பழைய சங்கதி. தர்ஷன் முனிதாச 'நிஹொன்பாஷி'யைத் தொடங்கியதே 1995இல். நாங்கள் போனது அது இல்லை, சனம் நிறைய வருகிற வேறொரு கடை.

வாசலில் சின்னதாக ஒரு ஜப்பான் கொடி. வன்னியில் எங்களுக்கு அந்தக் கொடி கண்ணிவெடி அகற்றுகிற இடங்களில் நின்ற பலகைகளில்தான் பழக்கம். கால் ஒரு நிமிசம் தயங்கினது அதனாலா, வெளியே ஒட்டியிருந்த விலையாலா என்று தெரியாது.

உள்ளே போனதும் எங்கள் குரல் தானாகத் தணிந்துவிட்டது. கொழும்பில் தமிழ் கதைக்கேக்க நடக்கிற விசயம்தான், ஒருத்தரும் சொல்லித் தருவதில்லை. நீளமான மேசை, அதற்கு மேல் கண்ணாடிப் பெட்டி, அதுக்குள் வெட்டி அடுக்கிய மீன், பின்னால் கத்தியோடு ஒரு அண்ணா. வெளியில் நின்று ஒத்திகை பார்த்த ஆங்கில வசனத்தைச் சொல்லி, இருக்கிறதுக்குள் மலிவான தட்டு ஒன்றை மூன்று பேருக்கும் கேட்டோம்.

தட்டு வந்தது. ஓரத்தில் பச்சையாக ஒரு உருண்டை. மிளகாய்ச் சம்பலாக்கும் என்று நெளுக்குளம் அதை முழுதாக வாயில் போட்டாள். எங்கட உறைப்பு நாக்கைச் சுடும், வசாபி அப்படியில்லை. மூக்கால் ஏறி நெற்றிக்குள் போய் இடிக்கும். அவள் கண்ணீரோடு மேசையைத் தட்ட, கத்தி பிடித்திருந்த அண்ணா சிரித்துக்கொண்டு தண்ணீரை நீட்டினார்.

"மெதுவா, தங்கச்சி. மூக்கால மூச்சு விடுங்க."

தமிழ்! அட்டன் பக்கமாம். மூன்று பேருக்கும் முதுகு நிமிர்ந்தது. குச்சியோடு நாங்கள் பட்ட பாட்டையும் அவர் பார்த்திருக்கிறார். "அத வச்சிட்டு கையாலயே சாப்புடுங்க. நிகிரிய அப்பிடிச் சாப்புடுறது தப்பே இல்ல" என்றார். உண்மைதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோக்கியோ இன்னும் எடோவாக இருந்தபோது, தெருவோரத் தட்டிக் கடையில் அவசரத்துக்கு நின்றபடி கையால் எடுத்துத் தின்கிற சாப்பாடாகத்தான் நிகிரி பரவியது. எங்கட கொத்துரொட்டிக் கடை மாதிரி. மீன் இருக்கிற பக்கத்தைத்தான் சோயாவில் தொட வேணும், சோற்றுப் பக்கத்தைத் தொட்டால் உதிர்ந்து விடும் என்பதும் அவர் சொன்னதுதான்.

பரந்தனுக்குச் சோறுதான் பிரச்சினை. இரணைமடுத் தண்ணியில் வயல் செய்கிற வீடு. "குழைஞ்ச சோத்தை உருட்டி வைச்சிருக்கு" என்றான். அது குழையவில்லை. குட்டை அரிசி, இயல்பாகவே ஒட்டும்; அதில் வினாகிரி, சீனி, உப்பு கலப்பார்கள். ஆதியில் மீன் கெடாமல் இருக்க அதைச் சோற்றுக்குள் மாதக்கணக்கில் புதைத்துப் புளிக்க வைத்து, மீனைத் தின்றுவிட்டுச் சோற்றை எறிந்துவிடுவார்களாம் என்றதும் அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. "சோத்தை எறியிறதோ?"

முல்லைத்தீவு ஒன்றும் பேசாமல் இருந்தாள். அவளுக்கு முன்னால் சிவப்பாக ஒரு துண்டு. சூரை. வீட்டில் இரத்தம் போக மூன்று தரம் கழுவி, கொறுக்காப்புளி போட்டு, சட்டியில் கறுக்க வைக்கிற அதே இனம். இங்கே கழுவின மாதிரியே இல்லை, மினுங்கியது. வாயில் வைத்தால் மீன் மணமில்லை, வெண்ணெய் மாதிரி இருந்தது. நல்லாய்த்தான் இருந்தது, அதுதான் அவளுக்குக் கஷ்டம். அவளுடைய அப்பா கரையில் ஒரு கிலோ சூரைக்கு வாங்குகிற காசுக்கு இங்கே சில துண்டுகள்தான் வரும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று அண்ணாவிடம் கேட்டோம். எல்லாம் ஐஸ்தானாம். பிடித்த உடனே இரத்தம் வடித்து ஐஸுக்குள் வைத்தால் மட்டும்தான் பச்சையாகத் தின்னலாம். ஐஸ் அறையோடு ஆழ்கடலுக்குப் போகிற படகுகளின் மீன் ஜப்பான் வரைக்கும் போகிறது. வெளியிணைப்பு இஞ்சினோடு போய் விடிய வருகிற சின்னப் படகில் அவ்வளவு ஐஸுக்கு எங்கே இடம்?

பில் வந்தது. மூன்று தரம் எண்ணிக் கட்டினோம். வயிறு நிரம்பவில்லை, காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை வாங்கினோம். அங்கிருந்து அவள் வீட்டுக்கு அடித்து, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன பிள்ளை சாப்பிட்டனீங்கள்?"

"பச்சை மீன், அப்பா."

"அது நல்லது. ஐஸ் மீனைத் தின்னாதேங்கோ."

"இல்லையப்பா, அவிக்காம. அப்பிடியே பச்சையா. சூரை."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஏசப் போகிறார் என்றுதான் மூன்று பேரும் நினைத்தோம்.

"ஒருக்கா இஞ்சின் நிண்டு மூண்டு நாள் கடலுக்க கிடந்தனாங்கள். நீ அப்ப பிறக்கேல்ல. ரெண்டாம் நாள் நாங்களும் அப்பிடித்தான் தின்னனாங்கள். சூரைதான்." பிறகு, "ருசியாத்தான் இருந்தது, என்ன?" என்றார்.

அவள் இந்தக் கதையை அதுவரை கேள்விப்பட்டதில்லை. எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. அலைச் சத்தத்தில் லைன் போய்விட்டது என்று நினைத்தாரோ என்னவோ, "ஹலோ, ஹலோ" என்றுவிட்டுக் கேட்டார்:

"எவ்வளவு எடுத்தவங்கள்?"

மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.

"கன்ரீன் விலைதான், அப்பா."