தும்பு வயல்

சிற்றுருவப் படைகளை மேசைமேல் நகர்த்திப் பழம்போர்களை மீண்டும் நடத்திப் பார்க்கும் விளையாட்டு ஒன்று உண்டு. 1913இல் எச். ஜி. வெல்ஸ் இதற்கென ஒரு நூலே எழுதினார். என் மாணவர்கள் கன்னொறுவைப் போரை அவ்வாறு அமைக்க விரும்பினர். கண்டி நகருக்குத் தீயிட்டுத் திரும்பிய போர்த்துக்கேயப் படையை, 1638 மார்ச் 28ஆம் நாள், இரண்டாம் இராஜசிங்கன் பேராதனைக்கு அருகே முறியடித்த போர் அது.

குன்றுகள் எளிதில் அமைந்துவிட்டன. அடிவார வயலுக்குத் தும்புக் கால்மிதி ஒன்றைத் துண்டுகளாக வெட்டினோம். வீரனின் உயரம் ஓர் அங்குலம். ஆகவே தும்பை அவன் இடுப்பளவாக, அரை அங்குலத்திற்குக் கத்தரித்தோம். இடையிடையே களிமண்ணால் வரம்பு கட்டிப் பச்சை வர்ணம் பூசினோம். விளைவயலைப் போலவே இருந்தது; எனக்குப் பெருமிதம் தாங்கவில்லை.

சொந்தமாக வயல் செய்யும் கல்லூரித் தோட்டக்காரர் எட்டிப் பார்த்தார். "சண்டை எந்த மாதம், ஐயா?" என்றார்.

"மார்ச் கடைசி" என்றேன்.

"அப்ப பெரும்போகம் வெட்டி முடிஞ்சிருக்குமே! பச்சை எங்கேயிருந்து வந்தது?" என்று சிரித்தார்.

இருபது ஆண்டுகளாக அந்தத் தேதியை மாணவருக்கு மனப்பாடம் செய்வித்தவன் நான். அன்று வயல் எப்படி இருந்திருக்கும் என்று ஒருமுறையேனும் எண்ணியதில்லை.

மறுநாள் தும்பை அடியொட்டக் கத்தரித்து, வைக்கோல் நிறம் பூசி அரிதாளாக்கினோம். ஒதுங்கப் பயிரில்லாத அவ்வெளியில் படைகளை நிறுத்தியதும் மாணவரின் ஆரவாரம் அடங்கிற்று. உழுதவனின் வீடும் அருகில் இருந்திருக்குமே என்று ஒருவன் மெல்லச் சொன்னான்.

இப்போதெல்லாம் வகுப்பில் ஒரு போரின் தேதியைச் சொன்னால், "அப்போது வயலில் என்ன நின்றது?" என்றும் சேர்த்தே கேட்கிறேன்.