முதலில் மைனஸ்

செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-ல் திறக்கப்படுவதற்கு முன்பே, காரைப் பிரித்து மேய்கிறவர்களுக்குக் கோவையில் பஞ்சமில்லை. அந்த ஓடுதளத்துக்குப் பெயர் தந்த எஸ். கரிவரதன், குறைந்த செலவில் இங்கேயே பந்தயக் கார் செய்துகாட்டியவர். அந்த ஆசையின் மிச்சம் ஊரின் பல ஷெட்டுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு ஷெட்டுக்குத்தான் போயிருந்தேன். சனிக்கிழமையானால் அங்கே கல்லூரிப் பையன்களும் ஐ.டி. ஊழியர்களும் வண்டியோடு வந்துவிடுவார்கள். அவர்கள் அதிகம் கேட்பது ஏர் இன்டேக் மாற்றும் வேலை. கம்பெனி பொருத்திய பில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு, அகலமான குழாயும் கூம்பு வடிவ பில்டரும் மாட்டுவார்கள்.

ஷெட்டை நடத்துகிறவருக்கு அறுபதை ஒட்டிய வயது. எல்லோருக்கும் அவர் ‘அண்ணா’தான். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் பானெட்டைத் தூக்கினான்.

“மொதல்ல எதத் தொடுவே?”

“பில்டர் டப்பாங்ண்ணா.”

“மொதல்ல கைக் காப்பக் கழட்டு. அப்புறம் பேட்டரி மைனஸ்.”

அவருடைய இடதுகை மோதிர விரலைச் சுற்றி ஒரு வெளிறிய தழும்பு. ஒருமுனை ப்ளஸில் இருந்த ஸ்பேனர் நழுவியபோது விரலில் இருந்த மோதிரமும் பாடியும் அதோடு சேர்ந்துகொண்டன. ஷார்ட் ஆன பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் தள்ளிவிடும். மோதிரம் பழுக்கக் காய்வதற்குள் கையை இழுக்க நேரம் இருக்காது. கடிகாரமோ காப்போ போட்டுக்கொண்டு பானெட்டுக்குள் கைவிட அவர் யாரையும் அனுமதிப்பதில்லை.

ஏன் மைனஸ் முதலில்? காரின் இரும்பு உடம்பு முழுவதும் மைனஸோடு சேர்ந்தது. மைனஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் இடித்தாலும் ஒன்றும் ஆகாது. ப்ளஸை முதலில் தொட்டு, ஸ்பேனரின் மறுமுனை எங்காவது இடித்தால் பொறி பறக்கும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வேறு கசியும். பொறி பட்டால் பேட்டரியே வெடிக்கலாம். திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசி. பையன் 10-ம் நம்பர் ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி, கேபிளை ஒதுக்கித் துணியால் சுற்றிவைத்தான்.

அங்கே லேப்டாப்போடு வேலை செய்யும் இளைஞர் ஒருவர் இதை ஏற்கவில்லை. “சாவிய எடுத்துட்டு கப்ளரக் கழட்டுனா போதுங்க. பேட்டரியக் கழட்டுனா கடிகாரம், ரேடியோ கோடு, பவர் விண்டோ செட்டிங் எல்லாம் போயிரும்” என்றார். அவர் சொல்வதும் உண்மைதான். சென்சாரின் வயர் இணைப்பான அந்தக் கப்ளரை மட்டும் பிடுங்குவதற்கு இக்னிஷன் அணைந்திருந்தால் போதும். இக்னிஷன் ஓடும்போது பிடுங்கினால் காரின் கம்ப்யூட்டர் உடனே குற்றப்பத்திரிகை எழுதிவிடும்: காற்றளவு சென்சாருக்கு பி0102, காற்று வெப்ப சென்சாருக்கு பி0113. அப்புறம் டேஷ்போர்டில் செக் லைட். ஆனால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே நீளமான அலுமினியக் குழாயை நுழைத்துத் திருப்ப வேண்டிய வண்டியில், நான் அண்ணா கட்சி.

வாடிக்கையாளர்கள் இந்த வேலைக்கு வேறொரு பெருமையைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கம்ப்யூட்டர் ‘ரீசெட்’ ஆகி பிக்கப் ஏறும் என்கிறார்கள். நடப்பது அதுவல்ல. ஓடி ஓடி அந்த வண்டிக்கேற்ப கம்ப்யூட்டர் கற்றுவைத்திருந்த பெட்ரோல் அளவுத் திருத்தங்கள் பல கார்களில் அழிந்துவிடும், அவ்வளவுதான். சில புது வண்டிகளில் அதுவும் அழியாது. ஸ்கேனர் வைத்துத்தான் அழிக்க வேண்டும். திருத்தங்கள் பழைய டப்பாவுக்கு ஏற்றவை என்பதால், புதுக் குழாயோடு புதிதாகக் கற்கட்டும் என்று விடுவதில் நியாயம் உண்டு. குதிரைத்திறன் அதில் கூடிவிடாது.

உண்மையான கைவேலை அதற்குப் பிறகுதான். காற்றளவு சென்சாருக்குள் சூடான மெல்லிய கம்பி ஒன்று உண்டு. போகும் காற்று அதைக் குளிரவைக்கும். சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதிலிருந்து காற்றின் அளவு தெரியும். குழாய்க்குள் போகும் காற்றில் ஒரு பங்கை மட்டுமே அந்தக் கம்பி அளக்கிறது. குழாயின் விட்டம் மாறினால் கணக்கும் மாறும். பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற அளவைக் கம்ப்யூட்டர் ஓரளவுதான் இழுத்துப்பிடிக்க முடியும். அதனால் அண்ணா மலிவுக் குழாயைத் தொடுவதில்லை. சென்சாரின் இரண்டு ஸ்குருவையும் தானே கழற்றி, கம்பியில் விரல் படாமல் புதுக் குழாயில் உட்காரவைத்து, காற்று போகும் திசைக்கான அம்புக்குறியைப் பார்த்துவிட்டுத்தான் முடுக்குகிறார். பில்டரைக் கீழே பம்பர் மறைவில் வைக்கச் சொல்லி ஒருவர் கேட்டதற்கு, “மழைக்கு லங்கா கார்னர் பாலத்துக்கடியில போவீங்களாட்டம் இருக்குதுங்களே? இன்ஜின் தண்ணி குடிச்சா கனெக்டிங் ராடு வளஞ்சுருமுங்க” என்று மறுத்துவிட்டார்.

கிளிப்புகள் முடுக்கி, மைனஸை மாட்டிய பிறகு உடனே சாவியைக் கொடுப்பதில்லை. ஏ.சி. இல்லாமல் கொஞ்ச நேரம், ஏ.சி. போட்டுக் கொஞ்ச நேரம் ஐடிலிங்கில் விடுகிறார். ஆரம்பத்தில் இன்ஜின் சற்றே தடுமாறி, பிறகு நிதானமாகிறது. பையனுக்குக் கூலி தருவது குழாய் மாட்டியதற்குத்தான். மைனஸ் கழற்றியதற்கும் இந்தக் காத்திருப்புக்கும் பில்லில் இடமில்லை.

இந்த வேலைக்கு வண்டி விடுகிறவர்கள், ரேடியோ கோடு கேட்கும் வண்டியானால் அதை முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள கார் என்றால், மைனஸ் டெர்மினலில் சென்சார் இருக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்; இழுத்துப் பிடுங்கினால் உடையும். வேலை முடிந்தபின் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, மெக்கானிக் சும்மா நிற்பதுபோல் தெரிந்தால் அவசரப்படுத்தாதீர்கள்.