முகம் கற்ற நாள்கள்

ஐம்பது வயதைக் கடந்தபின் ஒரு மொழியை அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது எளிதன்று. ஆயினும் தவக்காலமொன்றில் நாம் ஸ்பானிய மொழியில் சில சொற்களைக் கற்றோம். யாவும் முகத்தின் உறுப்புகளைக் குறிப்பவை.

திருவாலங்காட்டுக்கு அருகே முதியோர் இல்லமொன்றில் ஸ்பெயின் நாட்டு அருட்சகோதரி ஒருவர் இருந்தார். இளமையிலேயே இங்கு வந்து, தமிழிலேயே செபித்து, தமிழிலேயே கடிந்து, நோயாளருக்குத் தொண்டாற்றியவர். மறதிநோய் பற்றியபின் தமிழ் நழுவிற்று, தாய்மொழியே எஞ்சிற்று. பிந்திக் கற்றது முந்தி அகல்வது இந்நோயில் பலருக்கும் நேர்வதே. வலிக்கும் இடத்தை அவர் சொன்னாலும் அறிவார் எவருமிலர். ஆகவே அகராதியை நாடினோம்.

நாம் வியந்து சொல்லும் 'ஓஹோ' அவர்களுக்குக் கண். மூக்கு 'நரீஸ்', வாய் 'போக்கா', நெற்றி 'ஃபிரெந்தே', காது 'ஒரேஹா'. ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டோம்.

மூன்று நாள்களாக அவர் 'ஓயீதோ' என்று முனகினார். நம் தாளில் அச்சொல் இல்லை. மனம் அலைகிறது போலும் என்றெண்ணி, ஆசீர் அளித்துத் திரும்பினோம். பின்னரே அறிந்தோம்: அம்மொழியில் வெளியே தெரியும் காதுக்கு ஒரு சொல், கேட்கும் உட்செவிக்கு வேறொரு சொல். மருத்துவர் பார்த்தபோது காதினுள் சீழ் கட்டியிருந்தது. வெட்கினோம். உண்மையில் அடைபட்டிருந்தது யாருடைய செவி?

நவார் நாட்டில் பிறந்த புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். இருமொழி அறிந்தோர் துணையுடன் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கைமணி அடித்து மக்களைக் கூட்டிக் கற்பித்தார். நம் முன்னோர் முகம் பார்த்து அவர் தடுமாறிச் சொன்ன சொற்களின் கடனில் ஒரு காசையேனும் நாம் திருப்பவேண்டாவா?

நோயில்பூசுதல் அளித்த நாளில், 'ஃபிரெந்தே' என்று மெல்லச் சொன்னோம். சகோதரி கண்மூடி நெற்றியைச் சற்றே உயர்த்தினார். எண்ணெய் பூசியபின், கைகளுக்குரிய சொல்லை நாம் தேடிக்கொண்டிருந்தோம். அதற்குள் அவரே இரு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டினார். மொழி மறந்தவர் திருவருட்சாதனத்தை மறக்கவில்லை.

காது கேளாதவரை ஆண்டவர் குணமாக்கியதை மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கூட்டத்தினின்று அவரைத் தனியே அழைத்துச் சென்றார், காதுகளில் விரலிட்டார், நாவைத் தொட்டார், அதன் பின்னரே 'எப்பத்தா' என்றார். திருமுழுக்கில் எத்தனையோ குழந்தைகளின் காதையும் வாயையும் தொட்டு அச்சடங்கை நாம் நிறைவேற்றியிருக்கிறோம். அன்பர்களே, நம் இல்லங்களிலும் புரியாத சொல்லொன்றை முதியோர் முனகிக்கொண்டிருக்கலாம். பிதற்றல் என்று திரும்புமுன், இன்னும் ஒருமுறை அருகே அமர்ந்து கேட்போம்.