பூவெல்லாம் கொட்டையாகாது

முந்திக்கொண்டு பேசுகிறவர்களை 'முந்திரிக்கொட்டை' என்று கேலி செய்வோம் இல்லையா? எங்கள் பண்ருட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு அதன் பொருத்தம் நன்றாகவே தெரியும். முந்திரியில் கொட்டைதான் முதலில் வளரும். அது முழு அளவுக்கு வந்த பிறகுதான் மேலே பழம் உப்பத் தொடங்கும். ஆனால் கொட்டைக்கும் முந்தியது பூ. அதைப் பற்றி வெளியூரில் யாரும் பேசுவதில்லை. பாயசத்தில் முந்திரி மிதக்கும்போது பூவா ஞாபகம் வரும்!

எங்களுக்கு இரண்டு ஏக்கர் செம்மண் பூமி, மானாவாரி. தாத்தா கொட்டை ஊன்றி வளர்த்த மரங்கள். அக்கா கல்யாணம், என் காலேஜ் ஃபீஸ் எல்லாம் அந்தக் காட்டிலிருந்து வந்தவைதான். 2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் கரையைக் கடந்தது. பூவெடுக்க வேண்டிய மரங்களெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஏழு மரங்கள் மிஞ்சின. கடலூர் மாவட்டத்தில் ஆயிரம் வீட்டில் இதே கதை என்பதால் நீட்டவில்லை.

நிலத்தை விற்றுவிடலாம் என்றான் தம்பி. மறுபடி கொட்டை ஊன்றலாம் என்றார் அப்பா. ஊன்றினால் அது காய்த்து நிமிர்வதற்குள் அவருக்கு எழுபது வயதாகிவிடும் என்பதுதான் எங்கள் கவலை. கடைசியில் இரண்டு பேரையும் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துப் போனேன்.

அங்கே எடுத்த எடுப்பில் பேசியதே பூவைப் பற்றித்தான். ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில் பூ இருக்கும். பெரும்பாலும் ஆண் பூக்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்த இருபால் பூ மட்டும்தான் கொட்டையாக முடியும். அதிலும் முக்கால்வாசி உதிர்ந்துபோகும். கொத்துக்கு ஐந்தாறு கொட்டை நின்றாலே நல்ல மரம். அப்பா ஐம்பது வருடம் முந்திரிக்குள் புழங்கியவர். "அப்ப மரம் பூத்துக் குலுங்குதுன்னு சந்தோஷப்பட்டதெல்லாம் சும்மாவா?" என்று கேட்டார்.

இருபால் பூ எந்த மரத்தில் அதிகம், கொத்துக்கு எத்தனை கொட்டை நிற்கிறது என்று வருடக்கணக்காக எண்ணிப் பார்த்துத்தான் தாய்மரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1991-ல் வந்த வி.ஆர்.ஐ. 3 அப்படித் தேர்ந்த ரகம்தான். முந்திரியில் அயல் மகரந்தச் சேர்க்கை நடப்பதால், ஒரே மரத்துக் கொட்டையை ஊன்றினாலும் பத்துக் கன்றும் பத்து விதமாக இருக்கும். அதனால்தான் ஒட்டு. நாற்றின் இளந்தண்டில் தாய்மரத்துக் குச்சியைச் செருகி, பாலித்தீன் நாடாவால் கட்டிவிடுகிறார்கள். தாயின் குணம் அப்படியே வரும்.

ஒட்டுக்கன்று வாங்கி நட்டோம். பழைய கணக்கில் ஏழு மீட்டருக்கு ஒன்றாக ஏக்கருக்கு எண்பது மரம். நாங்கள் ஐந்துக்கு நாலு மீட்டரில் இருநூறு வைத்தோம். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை விடாமல் கிள்ளினோம். அது வேர்க்கன்றின் துளிர். விட்டால் அதுவே மரமாகிவிடும்.

முதல் வருடமே சில கன்றுகள் பூத்துவிட்டன. இரண்டு வருடத்துக்குப் பூவைக் கிள்ளிவிட வேண்டும், அப்போதுதான் செடி திடமாகும் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா அந்தப் பக்கமே வரவில்லை. நானும் தம்பியும்தான் கிள்ளினோம். மூன்றாம் வருடம் விட்ட பூவில் கொட்டை நின்ற பிறகுதான் தம்பியிடம் பழையபடி பேசினார்.

பெரிய சண்டை கவாத்துக்குத்தான். முந்திரி, வெயில் படுகிற புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். நெருக்கி நட்டால் கிளைகள் பின்னிக்கொள்ளும், உள்ளே இருட்டு, இருட்டில் பூ ஏது? அதனால் அறுவடை முடிந்ததும் வெட்டிவிட வேண்டும். வெட்டிய கிளையில் நாலு தளிர் வந்தால் நாலு நுனி. "காய்க்கிற மரத்துல கத்தி வைக்கிறதா?" என்று அப்பா குதித்தார். ஒரு வரிசையை மட்டும் வெட்டிப் பார்க்கச் சம்மதித்தார். தையில் அந்த வரிசை உள்பக்கமும் பூத்தது. அடுத்த ஆடியில் அவரே ரம்பம் தேடினார். தாத்தா வைத்த ஏழு மரங்களை மட்டும் இன்றுவரை தொடவிடவில்லை. எங்களுக்கும் மனசு வரவில்லை, அது வேறு விஷயம்.

இத்தனைக்குப் பிறகும் பூவைக் கெடுக்க ஒரு பூச்சி உண்டு: தேயிலைக் கொசு. பெயரில்தான் கொசு, நாவாய்ப்பூச்சி இனம். தளிர், பூக்கொத்து, பிஞ்சு மூன்றிலும் சாறு உறிஞ்சும். தீப்பட்டதுபோலக் கொத்து கருகும். பனியில் கருகிவிட்டது என்றே ஊரில் பல காலம் நினைத்திருந்தோம். தளிரில் ஒன்று, பூவில் ஒன்று, பிஞ்சில் ஒன்று என மூன்று முறை மருந்து. ஆனால் முந்திரிக்குத் தேனீயும் எறும்பும் வேண்டும், பூச்சிகள் வராவிட்டால் கொட்டை நிற்காது. எனவே தேனீ மொய்க்கும் நேரத்தில் அடிப்பதில்லை. ஸ்பிரேயர்காரர் காலையில்தான் வருவேன் என்பார். எங்களுக்கு மாலைதான் சரி. வருடா வருடம் இந்த இழுபறி.

அப்பாவுக்கு இப்போது எழுபத்து மூன்று. இன்று காலை ஒரு பூங்கொத்தைப் பறித்து வந்து திண்ணையில் உட்கார்ந்தார். புதுப் பூ வெள்ளை, பழையது இளஞ்சிவப்பு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடியில் சூல் இருக்கிற பூக்களைத் தனியாக ஒதுக்கினார். நாற்பதுக்கு மேல் தேறியது. பிறகு இன்னொரு கொத்தின் ஓரத்தில் கருகலைக் காட்டி, "தம்பிக்கு போன் போடும்மா, ரெண்டாவது மருந்துக்கு நாளாச்சு" என்றார். அவன் வெள்ளிக்கிழமை வருகிறான். ஸ்பிரேயர்காரர் மாலை வர ஒப்புக்கொண்டிருக்கிறார்.