பறவையின் போர்வை

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைத் தமிழுலகம் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகப் போற்றுகிறது. இயற்கையின் போர்வையை அணிந்திருக்கும் மயிலுக்கு இன்னொரு போர்வை எதற்கு என வினவுவோர் உண்டு. ஆனால், இயற்கை தந்த போர்வையைத் தன் அலகாலேயே பிடுங்கி எறிந்துவிட்டு, வெறுந்தோலோடு கூண்டில் அமர்ந்திருக்கும் பறவைக்கு மனிதன் அளிக்க வேண்டிய கொடை யாது?

காக்கட்டீல் என்னும் பறவை ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டு வெளிகளுக்கு உரியது. கொண்டைக்கிளிக் குடும்பத்தில் மிகச் சிறியது. நிமிரும் கொண்டையும், கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டும் உடையது. எடை ஏறத்தாழ 80 முதல் 100 கிராம். நீரையும் புல்விதையையும் தேடிக் கூட்டமாய் நெடுந்தொலைவு பறப்பது அதன் இயல்பு. அப்பறவை இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அடுக்குமாடி வீடுகளில் கூண்டுப் பறவையாய் வாழ்கிறது. வானம் சுருங்கிவிட்டது, உணவுக் கிண்ணம் மட்டும் எப்போதும் நிறைந்திருக்கிறது.

ஒருநாள் கூண்டின் அடியில் இறகுகள் கிடக்கும். சில வாரங்களில் மார்பு வெளிறித் தெரியும். தலையில் இறகு நிறைந்திருக்க, மார்பும் சிறகின் உட்புறமும் மட்டும் மொட்டையாயின், பறித்தது அப்பறவையே எனக் கொள்ளலாம். தன் தலையைத் தன் அலகு எட்டாது அன்றோ!

நோயின் முதலை நாடாமல் மருந்தை நாடுதல் தகாது. தோல் நோய், குடல் ஒட்டுண்ணி, கல்லீரல் கோளாறு, தனிமை, சலிப்பு, உறக்கக் குறைவு, புகை எனக் காரணங்கள் பல. ஆதலின் பறவை நோய் அறிந்த விலங்கு மருத்துவரிடம் காட்டுவதே முதற்கடமை. எனினும், இக்காரணங்களோடு பெரும்பாலும் பின்னிக் கிடப்பது உணவுக் குறையாகும்.

காட்டிலும் விதையைத்தானே உண்கிறது, வீட்டில் உண்டால் தீதென்ன என்று கேட்கலாம். காட்டில் அது பலவகை விதைகளைப் பச்சையாகவும் முற்றியும் உண்கிறது. உண்டதைப் பறந்தே எரிக்கிறது. கூண்டிலோ காய்ந்த விதைக் கலவையில் சூரியகாந்தி விதையைப் பொறுக்கித் தின்று, ஏனையவற்றை ஒதுக்குகிறது. கலவை என வாங்கியது ஒற்றை உணவாய் முடிகிறது. அவ்விதையில் கொழுப்பு மிகுதி. ஏ உயிர்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் மிகக் குறைவு. ஏ உயிர்ச்சத்துக் குறைந்தால் தோல் வறண்டு தடிக்கும். இறகோ பெரும்பாலும் புரதத்தால் ஆனது. தக்க புரதம் இன்றேல் புதிய இறகு நலிந்தே முளைக்கும். வறண்ட தோலும் நலிந்த இறகும் அலகை மீண்டும் மீண்டும் அழைக்கின்றன.

பறவைகளுக்கெனச் சமச்சீராய்ச் செய்யப்பட்ட குறுணைத் தீவனம் உணவின் பெரும்பகுதியாதல் நன்று. அதனுடன் காரட், பூசணி, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சிவப்புக் குடைமிளகாய், பச்சைக் கீரை ஆகியவற்றைப் பொடியாய் நறுக்கித் தரலாம். மிளகாயின் காரம் பறவைக்கு உறைப்பதில்லை. இறகு முளைக்கும் காலத்தில் அவித்த முட்டை சிறிது உதவும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓட்டைக் கூண்டில் மாட்டலாம். விதை அறவே விலக்கப்பட வேண்டியதன்று. கையிலிருந்து தரும் பரிசாக அது சுருங்கினால் போதும். வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காப்பி, வெங்காயம், உப்புப் பண்டம் ஆகியவை ஆகா.

மாற்றத்தில் அவசரம் ஆகாது. பழகாத பொருளை உணவென்றே அறியாத பறவை, நிறைந்த கிண்ணத்தின் முன்னும் பட்டினியால் மடியக்கூடும். கிண்ணத்தின் மேல் கிடக்கும் வெற்று உமியை விதையென எண்ணி ஏமாறுவோரும் உளர். ஆகவே விதையைச் சிறிது சிறிதாய்க் குறைத்துப் பல வாரங்களில் மாற்றுதல் வேண்டும். பசியுள்ள காலை வேளையில் காய்கறியை வைக்கலாம். வீட்டார் அதன் எதிரிலேயே அதனை உண்டு காட்டலாம். கூட்டத்தைப் பார்த்துக் கற்கும் பறவைக்கு வீட்டாரே கூட்டம். கிராம் காட்டும் தராசில் நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுதல் இன்றியமையாதது. எடை பத்தில் ஒரு பங்கு குறையுமாயின் பழைய உணவுக்குத் திரும்பி மருத்துவரை நாட வேண்டும். இந்நாடுகளின் வெப்பத்தில் நறுக்கிய காய்கறி விரைவில் கெடும். ஓரிரு மணி நேரத்தில் அகற்றுதல் நலம்.

உணவோடு நீராடலும், கண்ணாடி தடுக்காத இளவெயிலும், இருளும் அமைதியும் கூடிய நீண்ட உறக்கமும், கொறித்துக் கிழிக்கத் தென்னையோலையும் வேண்டும். எல்லாவற்றினும் மேலாகத் துணை வேண்டும்.

இத்தனையும் செய்த பின்னும் இறகு முழுதும் முளைக்கும் என்று உறுதி கூற இயலாது. நெடுநாள் பறித்ததால் சிதைந்த இறகுக்குழி மீண்டும் இறகு ஈனாமலே போகலாம். ஆயினும் எடை நிலைத்து, கண் தெளிந்து, காலையில் குரல் எழுப்பும் பறவை வெற்றுமார்போடு வாழ்ந்தாலும் நலமாகவே வாழ்கிறது. விரும்பியதை அள்ளிக் கொடுப்பது எளிது. வேண்டியதை அறிந்து, அது ஏற்கும் வரை காத்திருந்து கொடுப்பதே அன்பு. சிறுவர்க்குக் கற்பிப்போர் இதனை நன்கறிவர்.